ஆடு மட்டன் ஆன பக்கம்

எனக்கு உட்கார்ந்து படிக்க வராது. கையில் புத்தகத்தைக் கொடுத்தால் கால் தானாக நடக்க ஆரம்பித்துவிடும். கல்யாணத்துக்கு முன்னால் ஓரிக்கையில் எங்கள் கழனி வரப்புதான் எனக்குப் படிக்கிற அறை. வாய்விட்டுக் கத்திக்கொண்டே பாலாற்று மணல்வரை போவேன், திரும்பி வருவேன். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். இந்தப் பெண் இப்படித்தான் என்று தண்ணீர் தெளித்து விட்டுவிட்டார்கள்.

காஞ்சிபுரத்துக்குள் வாழ்க்கைப்பட்டு வந்த பிறகுதான் வந்தது வினை. அந்த வீட்டுக் கூடத்தில் நாலு எட்டு வைத்தால் சுவர். தெருவில் நடக்கலாம் என்றால் விடிந்ததும் பாவு போட்டுவிடுவார்கள். தெரு நீளத்துக்குப் பட்டு நூலை இழுத்துக் கட்டி, அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் ஆட்கள் நிற்பார்கள். புடவைத் தலைப்பு அதில் படாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டு போகவேண்டும். அப்படிப் போகிறபோது நோட்டைப் பார்த்து முணுமுணுக்க முடியுமா? ஒரு தடவை முயன்று பார்த்தேன். அந்த வீட்டு மருமகளுக்கு ஏதோ காற்று பிடித்திருக்கிறது என்று பேச்சாகிவிட்டது.

அந்த நிலைமையில் நான் படிக்க வேண்டியிருந்தது ஆங்கில மொழியின் வரலாறு. அறுபதுகளின் கடைசி அது. பி.ஏ.வில் மற்ற எல்லாப் பேப்பரும் தேறிவிட்டேன். நாடகமும் கவிதையும் என்னை ஒன்றும் செய்யவில்லை. இந்த ஒன்றில் கோட் அடித்தேன். எவனோ எங்கிருந்தோ படகில் வந்து ஒரு தீவில் இறங்கி என்ன பேசினால் எனக்கென்ன என்று இருந்துவிட்டேன். அப்போது கல்யாணப் பேச்சு வேறு. மனசு ஓர் இடத்தில் நிற்கவில்லை.

கல்யாணம் என்றால் பார்த்துச் செய்த கல்யாணம் இல்லை. அவரும் நானும் ஒரே கல்லூரி. இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில்தான் முதலில் பேசிக்கொண்டோம். தமிழ் வாழ்க என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு, குரல் போய், ஒரு சோடாவை ஆளுக்குப் பாதியாகக் குடித்தோம். அவர்கள் வீடு சுத்த சைவம். வெள்ளிக்கிழமை வெங்காயம்கூடச் சேராது. நாங்கள் ஏரி மீனும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறியும் சாப்பிடுகிற விவசாயக் குடும்பம். மாலை மாற்றி, இரண்டு பேர் மேடையில் பேசி, சீர்திருத்தக் கல்யாணம் நடந்தது. தமிழுக்காகச் சேர்ந்த ஜோடி என்று பேசியவர்கள் சொன்னார்கள். அந்த வீட்டுக்குள் காலை வைத்த அன்றைக்கே என் தமிழ் செல்லாது என்று தெரிந்துபோனது.

மாமியார் கெட்டவள் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவள் குரலை உயர்த்தவே மாட்டாள். முதல் நாள் மத்தியானம் நான், "அத்தை, நீங்க துன்னீங்களா?" என்று கேட்டேன். நல்லபடியாகத்தான் கேட்டேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"துன்றது மாடும்மா. மனுஷங்க சாப்பிடுவாங்க."

அன்றைக்கு ஆரம்பித்தது. சோறு என்றால், "சாதம்னு சொல்லும்மா, நல்லா இருக்கும்" என்பாள். சோத்துப் பானை சாதப் பாத்திரம் ஆனது. பழைய சோறு என்ற பேச்சே அங்கே கிடையாது. அது என்னவோ கெட்ட வார்த்தை மாதிரி அவள் முகம் சுளிக்கும். என் வீட்டுக்காரர் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டே ரசத்தைப் பிசைவார். வாய் திறக்க மாட்டார். ஊர்வலத்தில் மட்டும் அந்த வாய் எப்படித் திறந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

என் அம்மா ஒரே ஒரு தடவை வந்தாள். வேர்க்கடலையும் கீரையும் துணியில் கட்டிக்கொண்டு, செவிலிமேட்டு வழியாக நடந்தே வந்தாள். வாசற்படி தாண்டி உள்ளே வந்ததும் என் முகவாயைப் பிடித்து, "இன்னா மா, எளச்சிக்கினு போயிட்டியே. சோறு துன்றியா இல்லியா?" என்றாள். மாமியார் உள்ளே போய்விட்டாள், அவ்வளவுதான். அம்மாவுக்கு அது போதும். காபியைக்கூட முழுசாகக் குடிக்கவில்லை. தெருமுனைவரை கொண்டுவிடப் போனபோது சொன்னாள்.

"உனுக்குன்னு ஒரு வூடு வரட்டும்மா. அப்ப வர்றேன். இங்க எனுக்குப் பேச வரல."

அன்று சாயந்திரம் அவரிடம் ஒரே பிடியாகப் பிடித்தேன். தனிக்குடித்தனம் போயே ஆகவேண்டும். அவர் நெசவாளர் சொசைட்டி ஒன்றில் எழுத்தர். ஒருவர் சம்பளத்தில் இரண்டு வீடு நடக்காது என்று எனக்கும் தெரியும். ஊரில் அப்போது புதிதாக ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடம் தொடங்கியிருந்தார்கள். பி.ஏ. இங்கிலீஷ் முடித்துவிட்டு வாருங்கள், வேலை தயார் என்று அதன் தாளாளர் சொல்லியிருந்தார்.

"அந்த ஒரு பேப்பரை முடிச்சிடு" என்றார் அவர். "மறுநாளே செவிலிமேட்டுல வீடு பாக்கறேன். உங்க ஊருக்கும் கிட்ட."

"அம்மா கிட்ட யார் சொல்றது?"

"நான் சொல்றேன். நீ பாஸ் பண்ணு."

ஆக, என் அம்மா என் கையால் ஒரு வேளை சாப்பிட வேண்டுமானால் நான் இங்கிலீஷ் பாஷை பிறந்து வளர்ந்த கதையைப் படித்தாக வேண்டும். விதி எப்படியெல்லாம் முடிச்சுப் போடுகிறது பாருங்கள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே டுடோரியல் இருந்தது. கோட் அடித்தவர்களுக்கென்றே ஏற்பட்ட இடம். கீழே டியூப் ஒட்டுகிற நாற்றம் மேலேவரை வரும். எங்களுக்குப் பாடம் எடுத்தவருக்கு என்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட இருக்கும். எம்.ஏ. முடித்துவிட்டு டெல்லியில் வேலைக்கு மனுப்போட்டுக் காத்துக்கொண்டிருந்தார். அவராலும் ஓர் இடத்தில் நிற்க முடியாது. கரும்பலகைக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டே பேசுவார். தபால்காரர் மணி கேட்டால் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பார். வைணவக் குடும்பம். பெருமாள் புறப்பாட்டில் முன்னால் பாசுரம் பாடிக்கொண்டு போகிற கூட்டத்தில் இடுப்பில் துண்டோடு அவரைப் பார்த்திருக்கிறேன்.

அந்த மனிதர் பாடம் நடத்தினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். கல்லூரியில் தேதியும் பட்டியலுமாகக் கசந்தது இவர் வாயில் கதையாகிவிட்டது. ஆங்கிள், சாக்ஸன் என்று கடல் தாண்டி வந்த கூட்டங்கள். அங்கே முன்பே இருந்தவர்களை மேற்கே மலைப்பக்கம் தள்ளிவிட்டு, அவர்களையே அந்நியர்கள் என்று கூப்பிட்டார்களாம். வீட்டுக்காரனை வெளியே நிறுத்திவிட்டு நீ யார் என்று கேட்கிற கதை. அதற்கப்புறம் டேனியர்கள் கத்தியும் கப்பலுமாக வந்து கொள்ளையடித்து, பிறகு பக்கத்துக் கழனியிலேயே குடியேறிப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். முட்டைக்கும் வானத்துக்கும் இங்கிலீஷில் இருக்கிற பெயர் அவர்கள் கொடுத்ததுதானாம். 'அவர்கள்' என்று சொல்ல ஒரு வார்த்தை வேண்டுமே, அதையும் அவர்களிடமே வாங்கிக்கொண்டார்கள். அதைக் கேட்டு நான் வகுப்பில் சத்தமாகச் சிரித்தேன்.

அடுத்து வந்தார்கள் நார்மன்கள். பிரெஞ்சு பேசிக்கொண்டு வந்து ஒரே சண்டையில் நாட்டைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அப்புறம் முந்நூறு வருஷத்துக்குக் கிட்ட, ராஜா வீட்ல இங்கிலீஷ் கெடையாது" என்றார். "கோர்ட்ல பிரெஞ்சு. கோயில்ல லத்தீன். விருந்துல பிரெஞ்சு. இங்கிலீஷ் பேசினா அவன் பட்டிக்காட்டான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இங்கிலீஷா? தாளாளர் டை கட்டிக்கொண்டு பேசுகிற இங்கிலீஷா? கலெக்டர் ஆபீஸ் வாசலில் எங்கள் ஊர்க்காரர்களைக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவைக்கிற இங்கிலீஷா?

"அப்ப இங்கிலீஷ்காரங்க என்ன சார் பண்ணாங்க?" என்று கேட்டேன்.

"ஏர் ஓட்டினா, மாடு மேய்ச்சா, சமைச்சா. எஜமானா பேசறதை வாசல்ல நின்னு கேட்டுண்டா."

"முந்நூறு வருஷமுமா?"

"பாஷை செத்துப்போகலையே. அடுப்பங்கரைலயும் வயல்லயும் இருந்துண்டே இருந்தது. அப்புறம் கோர்ட்டுக்குத் திரும்பி வந்தது. ஆனா போன பாஷை வரலை. பாதிக்குப் பாதி பிரெஞ்சு ஒட்டிண்டு வந்துது. எது நம்முது, எது அவாளுதுன்னு பேசறவாளுக்கே தெரியலை."

அந்தக் கடைசி வார்த்தைகள் என் காதில் ஏறவில்லை. திரும்பி வந்தது என்ற இடத்திலேயே நான் நின்றுவிட்டேன். திரும்பி வந்தது. எனக்கு அது போதும். அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் அதே பாடத்தின் தொடர்ச்சி. சட்டத்துக்கு வந்த பிரெஞ்சுச் சொற்கள், அரசாங்கத்துக்கு வந்தவை, உடுப்புக்கு வந்தவை என்று எழுதிப் போட்டுக்கொண்டே வந்தார். புத்தகம் அவர் கையில் மட்டும்தான் இருந்தது, மெட்ராஸில் யாரிடமோ இரவல் வாங்கியது. ஒரு பக்கத்தைத் திருப்பியவர் அப்படியே நின்றார். மூக்கைத் தடவினார்.

"இந்தப் பக்கம் வேண்டாம். தாண்டிடலாம்."

"ஏன் சார்?" என்றான் எங்கள் தெருவில் இருந்து வருகிற ஒருவன்.

"ஆகார சமாச்சாரம். மாம்சம், அது இதுன்னு வரது. கேள்வியா வராது. நான் வாயால சொல்ல விரும்பலை."

அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அவன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்ன வேகிறது என்று தெருவுக்கே தெரியும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்குக் கேட்கவேண்டும் என்று நாக்கு துடித்தது. கேட்டால் வகுப்பு என்னைத் திரும்பிப் பார்க்கும், அந்தச் சைவ வீட்டு மருமகளுக்கு மாம்சம் எதற்கு என்று. வாயை மூடிக்கொண்டேன். ஆனால் மனசு அந்தப் பக்கத்தைவிட்டு நகரவில்லை. ஒரு பாஷையின் சரித்திரத்தில் சொல்லக்கூசுகிற பக்கம் என்ன இருக்க முடியும்? அப்பளம் பொரிக்கும்போது அதே யோசனை. தலை வாரும்போது அதே யோசனை.

சில நாள் கழித்து வகுப்பு சீக்கிரம் விட்டது. வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டிருந்தேன். வாலாஜாபாத் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு பாய் ஹோட்டல் இருந்தது. அண்டாவைத் திறந்தார்கள் போலிருக்கிறது. பட்டையும் கிராம்பும் கறியுமாக அந்த வாசனை வந்து என்னை அறைந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அதை இவ்வளவு கிட்டத்தில் நான் சுவாசித்ததே இல்லை. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே போக முடியுமா? ஒரு பெண் தனியாக அந்தக் காலத்தில் பிரியாணிக் கடையில் ஏறினால் ஊர் வாயை எதைப் போட்டு அடைப்பது? நின்று அதன் போர்டையாவது படித்தேன்.

மட்டன் பிரியாணி.

படித்துக்கொண்டே இருந்தேன். மட்டன். பள்ளிக்கூடத்தில் முதன்முதலில் படித்த இங்கிலீஷ் பாடத்தில் ஆட்டுக்குப் படம் போட்டு ஷீப் என்றுதானே எழுதியிருந்தது? ஷீப் பிரியாணி என்று ஏன் எழுதவில்லை? யாரும் எழுத மாட்டார்கள். ஆட்டை மேய்க்கிறவரை அது ஷீப். அறுத்து, மசாலா போட்டு, எஜமான் தட்டுக்கு வந்ததும் மட்டன். மேய்த்தவன் ஒரு பாஷை, தின்றவன் ஒரு பாஷை. இதுதான். அவர் தாண்டிய பக்கம் இதுதான். கழனியில் நாங்கள் நட்டு, களை பறித்து, அறுத்து, சோறாக இருந்தது, இந்த ஊரில் தட்டுக்கு வந்ததும் சாதம் ஆகிவிடவில்லையா? நடுத்தெருவில் நின்று சிரித்தேன். ரிக்ஷாக்காரர் ஒருவர், "ஓரமா நில்லு மா, இன்னா வேடிக்கை பாத்துகினு கீற?" என்று திட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் வகுப்பில் எழுந்து நின்றேன்.

"சார், நீங்க தாண்டின பக்கத்துல ஷீப் மட்டன் ஆன கதைதானே இருக்குது?"

அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். சாக்பீஸ் கையிலேயே ஒடிந்தது.

"ஆமா" என்றார். "உங்களுக்கு யார் சொன்னா?"

"பாய் ஹோட்டல் போர்டு சொல்லிச்சு சார்."

வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, புத்தகத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, அந்தப் பக்கத்தை முழுக்கப் படித்தார். மாடு தொழுவத்தில் கௌ, தட்டில் பீஃப். பன்றி சேற்றில் ஸ்வைன், தட்டில் போர்க். கன்று அங்கே காஃப், இங்கே வீல். ஒவ்வொரு வார்த்தைக்கும் தொண்டையைச் செருமினார். படித்து முடித்துவிட்டு, "எங்காத்துலயும் இந்த வழக்கம் இருக்கு, யோசிச்சுப் பாத்தா" என்றார். "ஊருக்கெல்லாம் சமையல். எங்களுக்குத் தளிகை." அந்த மனிதர்மேல் அன்று எனக்குப் பெரிய மதிப்பு உண்டாயிற்று.

ஆனால் எங்கள் தெருப் பையன் சும்மா இருப்பானா? நான் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே செய்தி நுழைந்துவிட்டது. டுடோரியலில் ஆட்டுக்கறிப் பாடம் நடக்கிறது, உங்கள் மருமகள்தான் கேட்டு நடத்தச் சொன்னாள். மாமியார் வாசலிலேயே நின்றாள். கையில் செம்பு.

"என்ன பாடம்மா இன்னிக்கு?"

"இங்கிலீஷ் சரித்திரம் அத்தை."

"அதுல மாடு, பன்னியெல்லாம் வருதாமே."

"வருது."

அவள் செம்பை ஒரு கையில் இருந்து மறு கைக்கு மாற்றினாள். "படிப்புன்னா படிக்கத்தான் வேணும். வேணாம்னு சொல்லல. நேரா கொல்லைக்குப் போயி தலைக்குத் தண்ணி ஊத்திட்டு உள்ள வா."

குளித்தேன். அன்றைக்கு மட்டும் இல்லை, தேர்வுவரை தினமும். துக்க வீட்டுக்குப் போய்வந்தால் குளிப்பார்கள். நான் இங்கிலீஷ் படித்துவிட்டு வந்தால் குளித்தேன். உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது அந்தப் பாஷையைப் படித்ததற்குத் தலை முழுகியிருப்பார்களா? கிணற்றடியில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே நார்மன்கள், டேனியர்கள் என்று வேண்டுமென்றே உரக்கச் சொல்வேன். கோபத்தில் எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது.

தேர்வு அன்று வினாத்தாளை வாங்கியதும் என் கண் ஓடியது. இருந்தது. இங்கிலீஷ் சொற்களில் பிரெஞ்சின் தாக்கத்தை உணவையும் சமையலறையையும் கொண்டு விளக்குக. பேனாவை எடுத்தேன், வைக்கவில்லை. ஷீப்பும் மட்டனும் எழுதினேன். கௌவும் பீஃபும் எழுதினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கை நிற்கவில்லை. என் ஊரில் பயிரிடுகிறவர்கள் சோறு என்கிறார்கள், உயர்ந்த வீட்டில் சாதம் என்கிறார்கள், இரண்டும் ஒரே பானை, ஒரு மருமகள் இரண்டு வீட்டுக்கும் நடுவே வாயைத் தைத்துக்கொண்டு நிற்கிறாள் என்று இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதிவிட்டேன். வெளியே வந்ததும்தான் உறைத்தது. கேட்ட கேள்விக்குப் பதில் எழுதச் சொன்னால் வீட்டுச் சண்டையை எழுதி வைத்திருக்கிறாயே பாவி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

முடிவு வருகிறவரை என்னால் ஒரு வேலை உருப்படியாகச் செய்ய முடியவில்லை. பாலைப் பொங்கவிட்டேன். கோலத்தைப் பாதியில் விட்டேன். செவிலிமேட்டில் அவர் ஒரு வீடு பார்த்துவைத்திருந்தார். ஓர் அறை, ஓர் அடுப்படி, பின்னால் துவைக்கிற கல். கிடைக்காவிட்டால்? இதே கூடத்தில், இதே நாலு எட்டில், என் அம்மா இந்த வாசலை மிதிக்காமலே கிழவியாகிவிடுவாளா? பேப்பரில் எண்கள் வரப்போகின்றன என்று சொன்ன நாளில் காலையில் இருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

மத்தியானம் மாமியார் அடுப்படியில் இருந்து வந்தாள். கையில் கரண்டி. முகம் சிவந்திருந்தது.

"ஏன்டி, எனக்குப் பொண்ணு இருந்து இப்படி நின்னா நான் பாத்துக்கினு இருப்பேனா? காத்தாலேந்து சோறு தண்ணி இல்லாம இப்படி அலஞ்சா ஒடம்பு என்னத்துக்கு ஆகும்? வா, வந்து ஒரு வாய் சோறு துன்னு."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரியாது. வேறொரு நாளாக இருந்தால் பிடித்துக்கொண்டிருப்பேன், அத்தை, மாடுதானே துன்னும் என்று. அன்றைக்குப் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன். என் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளை விட்டுப் போகத்தான் இந்தப் பாடு படுகிறேன் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

சாயந்திரம் அவர் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். என் எண் இருந்தது.

அவர் அம்மாவிடம் சொல்வதாகச் சொன்னவர் நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தார். கடைசியில் நான்தான் சொன்னேன். மாமியார் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டாள். "கிட்டத்துலதான இருக்கீங்க" என்றாள், அவ்வளவுதான். பால் காய்ச்சுகிற அன்று வந்து, அவள் கையால் பொங்கவைத்து, எங்களுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். பெரிய அண்டா ஒன்றையும் விட்டுவிட்டுப் போனாள். இரண்டு பேருக்கு எதற்கு அண்டா என்று நான் முணுமுணுத்தேன்.

அம்மாவுக்கு ஆள் சொல்லி அனுப்பினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்துவிட்டாள். கூடையில் இலை போட்டு விரால் மீன், அதன்மேல் ஒரு மாங்காய். வாசற்படியில் நிற்கவில்லை. நேராக உள்ளே வந்தாள், சுவரைத் தொட்டுப் பார்த்தாள், துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்து மீனைச் சுத்தம் செய்தாள். என் வீட்டுக்காரர், "சாயந்திரம் வர்றேன்" என்று மெதுவாகச் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவினார். போகட்டும் என்று விட்டேன். நாங்கள் இரண்டு பேரும் சத்தமாகப் பேசினோம். அவள் ஊர்க்கதை பூராவும் சொன்னாள். நான் நடந்துகொண்டே கேட்டேன். எத்தனை நாளாகக் காத்திருந்த பேச்சு அது. மாங்காய் போட்டுக் குழம்பு கொதிக்கிற வாசனை வீடு முழுக்க நிறைந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

கீழே வாழை இலையைப் போட்டேன். தண்ணீர் தெளித்தேன். பானையை இறக்கி வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டேன்.

"அம்மா, கை கழுவிக்கினு வா. சாதம் ஆயிடுச்சு. சூடா சாப்பிடலாம்."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு கொல்லை வாசற்படியில் நின்றாள். என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. லேசாகச் சிரித்தாள், புதிதாகப் பார்க்கிற வீட்டுப் பெண்ணைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி. பிறகு இலைக்கு முன்னால் வந்து, புடவையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எனுக்குச் சோறே போதும்மா" என்றாள்.